ஒத்தக் கையால தொறக்குத கத்தி

சடக், சடக்னு ஒரு சத்தம் கேக்குதுல்லா யக்கா? அதுக்குத்தான தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கீய? பயப்படாதீய, அது என் தம்பிதான். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. கைல மடக்குக் கத்திய வச்சுக்கிட்டுத் தொறக்குதான், மூடுதான், தொறக்குதான், மூடுதான். புதுச் சாமான் கிடைச்சா ஆம்பளையளுக்குக் கை சும்மா இருக்காதுல்லா. பனவடலி தாண்டும்போதே கண்டக்டர் வந்து, "அண்ணாச்சி, அத உள்ள வைங்க, பொம்பளையாளுவ பயப்படுதாவ"ன்னு சொல்லிட்டுப் போனாரு. சிரிச்சுக்கிட்டே பைக்குள்ள போட்டான். அவரு அங்கிட்டுப் போகவும் மறுபடி எடுத்துட்டான்.

அது எம்மகளுக்கு வாங்குன கத்தி யக்கா.

பாத்தீயளா, நீங்களே முழிக்கீய. பொம்பளப் பிள்ளைக்கு எவளாவது கத்தி வாங்கிக் குடுப்பாளான்னு தோணுதுல்லா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அவ கேட்ட நாள்ல இருந்து ஒரு வாய் சோறு ஒழுங்கா இறங்கல. யார்ட்டயாவது சொல்லி ஆத்திக்கிடணும்னு இருந்தேன், நல்லவேளை நீங்க பக்கத்துல உக்காந்தீய. தெருவுல ஒருத்திட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள அது கை காலு மொளைச்சு நம்ம வாசலுக்கே வந்து நிக்கும். முன்பின் தெரியாதவங்கன்னா அந்தத் தொந்தரவு இல்ல.

நான் ஆறுமுகத்தாயி. சங்கரன்கோவில்தான். வீட்டுல மிஷின் போட்டு நைட்டி தைக்கேன். எம்மக எட்டாப்பு படிக்கும்போது எங்க வீட்டுக்காரவுக நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக, எந்திரிக்கல. ஒத்தப் பிள்ளை. கோமதின்னு பேரு, கோமுன்னு கூப்பிடுவோம். இப்பம் பாளையங்கோட்டைல காலேஜ் ரெண்டாம் வருசம். செடி கொடி பத்துன படிப்பு, பாட்டனி. ஆஸ்டல்ல இருக்கா.

அந்தா இருக்கானே, அவன் பேரு பரமசிவம். பரமு. எனக்குக் கடைசித் தம்பி. எங்க அம்மா சீக்காளியாக் கிடந்ததால அவனுக்குப் பால் புகட்டுனது, குளிப்பாட்டுனது, இடுப்புல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனது எல்லாம் நான்தான். எங்க வீட்டுக்காரவுக போன பொறவு, "ஏன்க்கா கலங்குத, நான் இருக்கேம்லா"ன்னு வந்து எங்க கூடவே இருந்துட்டான். பைக் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். கோமுவப் படிக்க வைக்கிறதே அவன்தான். அவன் மட்டும் இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் நாதியத்துப் போயிருப்போம். அதுவும் போக, கோமுவுக்கு முறைக்காரன். பிள்ளை சமஞ்சப்பம் பச்சை ஓலை கொண்டாந்து குச்சில் கட்டினவன் அவன்தான். படிப்பு முடியவும் அவனுக்கே குடுத்துரணும்னு எனக்கு எண்ணம். வயசு கொஞ்சம் கூடுதல்தான், இல்லங்கல. அந்தக் காலத்துல தாய்மாமனுக்கு வயசு பாத்தா குடுத்தாவ?

சரி, கத்திக் கதைக்கு வாரேன்.

ஒருநாள் மத்தியானம் போன் வருது. யாரோ தெரியாத நம்பர். எடுத்தா கோமு. கூட இருக்க பிள்ளையோட போனாம். பரமு அவளுக்குன்னு நல்ல போனா வாங்கிக் குடுத்திருக்கான், ஏன்ட்டி அதுல பேச மாட்டியான்னு கேட்டா, சார்ஜ் இல்லங்கா. "அம்மா, எனக்கு ஒரு சின்னக் கத்தி வேணும்"ங்கா. எதுக்குட்டின்னேன். "செடி அறுக்கம்மா. குத்தாலத்து மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அறுத்து, பேப்பர்ல ஒட்டிக் குடுக்கணும்"ங்கா. செடி அறுக்கக் கத்திரி போதுமே, எங்கிட்டயே நாலு கத்திரி கிடக்கு, தையக்காரி வீட்டுல கத்திரிக்கா பஞ்சம்னேன். "கத்திரி வேண்டாம்மா. கத்திதான். மூடுனா கைக்குள்ள அடங்கணும். ஒத்தக் கையால தொறக்குற மாதிரி இருக்கணும்"ங்கா.

அது என்னட்டி ஒத்தக் கைன்னேன். மொதல்ல, 'அது வந்தும்மா'ன்னு இழுத்தா. பொறவு, "இன்னொரு கையால செடியப் பிடிச்சுக்கணும்லாம்மா"ன்னா. அதுவும் நியாயம்தான? படிச்ச பிள்ளை, எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்லும்.

போனை வைக்கப் போறப்பம் ஒண்ணு சொன்னா. "மாமாட்டச் சொல்லாதம்மா. நீயே வாங்கி, நீயே கொண்டா."

அம்புட்டுத்தான். அதுல இருந்து எனக்குப் பிடிச்ச பயம் விடல. செடின்னு சொன்னா நான் நம்பிருவேனா? பெத்தவ யக்கா நான். எவனோ ஒருத்தன் எம்பிள்ளை பின்னால சுத்துதான். பஸ் ஸ்டாண்டுல நிக்கான், காலேஜ் வாசல்ல நிக்கான். பேப்பர்லயும் டிவிலயும் நாம பாக்காததா? என்னைய வேண்டாம்னு சொல்லுவியான்னு பட்டப்பகல்ல வெட்டுதான், ஆசிட்டத் தூக்கி ஊத்துதான். கோமுவக் கூப்பிட்டு, "எவனும் தொந்தரவு பண்ணுதானாட்டி"ன்னு கேட்டேன். "எவனும் இல்லம்மா"ன்னுட்டா. அந்த 'எவனும் இல்ல' வந்த வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, எவனோ இருக்கான்.

அன்னைக்கு ஒரு நைட்டிக்குக் கழுத்து வெட்டுத இடத்துல கை வெட்டிட்டேன். துணி பாழு. பின்ன, நினைப்பு எங்க இருக்கு?

மறுநா இரும்புக்கடை பாய்ட்டப் போனேன். மார்க்கெட்டுக்குள்ள இருக்கு கடை. தேங்காத் துருவி, அரிவாமனைன்னு எதுக்குப் போனாலும் அவருகிட்டத்தான். "பாய், மடக்குக் கத்தி இருக்கா"ன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "யாருக்கும்மா?" "எம்மகளுக்கு." "எதுக்கு?" "செடி அறுக்க." ஏதோ குத்தம் பண்ணப் போறவ மாதிரி முந்தானையால முகத்தத் தொடைக்கேன். மடியில கனம் இல்லாமலே எனக்கு வழியில பயம் வந்துட்டு.

பாவம், நல்ல மனுசன், ஒரு டப்பாவயே கவுத்துக் காட்டுனாரு. ஒண்ணு வெள்ளைப் பிடி போட்ட பேனாக்கத்தி, பென்சில் சீவத்தான் ஆகும். இன்னொண்ணு செகப்பு. அதுக்குள்ள இருந்து கத்திரி, ரம்பம், பல்லுக்குச்சின்னு ஒவ்வொண்ணா வருது, குட்டி போட்ட மாதிரி. சுருள் கம்பி ஒண்ணு வந்துச்சு, இது எதுக்கு பாய்னு கேட்டேன். பாட்டில் மூடி எடுக்கன்னாரு. என்ன பாட்டில்னேன். மனுசன் எங்கிட்டோ பாத்துக்கிட்டு, "அது வெளிநாட்டுக்காரனுக்கும்மா, உங்களுக்கு அது வேண்டாம்"னாரு. அந்தக் கலவரத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு.

பொறவு ஒண்ணு எடுத்தாரு. பட்டனத் தொட்டா பாம்பு நாக்கு மாதிரி பாஞ்சு வெளிய வருது. எடுத்த வேகத்துல அவரே உள்ள போட்டுட்டாரு, இது வச்சிருந்தா போலீஸ்காரன் பிடிச்சுருவான்னு.

எனக்கு என்ன எடுக்கன்னு ஓடல யக்கா. சின்னதா எடுத்தா, ஒரு அவசரத்துக்கு அது ஆகுமா? பெருசா எடுத்தா, அவ கைலருந்து அவன் பிடுங்கிட்டா? நம்ம கைல இருக்கது வரைக்கும்தான் அது நம்ம கத்தி. எதிராளி கைக்குப் போயிட்டா அது அவன் கத்தி. இத நினைக்கவும் நான் அங்கனயே தரைல உக்காந்துட்டேன். பாய் ஸ்டூலப் போட்டு உக்காரச் சொல்லி, சோடா வாங்கிக் குடுத்தாரு.

கடைசியா இந்தக் கத்திய எடுத்துக் குடுத்தாரு. கருப்புப் பிடி, சொரசொரன்னு இருக்கும், வேர்த்தாலும் வழுக்காது. அலகுல ஒரு சின்னக் குமிழு. கட்டைவிரல அதுல வச்சுத் தள்ளுனா ஒத்தக் கையாலயே தொறந்துக்கிடும். தொறந்ததும் சடக்குன்னு உள்ள ஒரு பூட்டு விழும், பொறவு நாமளா அமுக்குனாத்தான் மடங்கும். நம்ம விரல வெட்டாது. அந்தச் சத்தம்தான் நீங்க கேக்குதது. நானும் கடைல உக்காந்து தொறந்து மூடிப் பழகினேன். மொத வாட்டி கண்ண மூடிக்கிட்டேன். வருசக்கணக்கா கத்திரி பிடிக்கவ நான், ஒரு விரக்கடை அலகு என்னை அந்தப் பாடு படுத்துது.

வாங்கிட்டு வந்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன்.

ஆனா பரமுட்ட மறைக்க முடியுமா? என் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க"ன்னான். நான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு பாத்தேன், பொறவு அழுதுட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேற யார்ட்டச் சொல்ல? கோமு வேண்டாம்னாதான், ஆனா அவளுக்கு என்ன தெரியும்? இவன் கோவக்காரன், மாமா போயி எவனையாவது அடிச்சு வச்சா வம்பாயிருமேன்னு பயந்து சொல்லிருக்கா. அப்படித்தான் நான் நினைச்சேன்.

அவன் கோவப்படவே இல்ல யக்கா. அதுதான் ஆச்சரியம். கத்திய வாங்கிப் பாத்தான். "எதுக்காம்?" "செடி அறுக்கவாம்." "என்ட்டச் சொல்லக் கூடாதுன்னாளா?" "ஆமா." கட்டைவிரலால ஒருவாட்டி தொறந்து மூடுனான். சிரிச்சான். பொறவு, "இத நீ குடுக்கக் கூடாதுக்கா. நான்தான் குடுக்கணும், அதுதான் முறை"ன்னான்.

அவன் சொல்லுததும் சரிதான. கத்தியக் கைக்குக் கை குடுத்தாலே பகைன்னு சொல்லுவாவ, கீழ வச்சுத்தான எடுப்போம். எங்க பக்கத்துல இன்னொண்ணும் உண்டு. பெத்தவ கையால பொண்ணுக்கு இரும்பு குடுத்தா உறவு அத்துப் போவும். சமஞ்ச பிள்ளைக்குக் காத்துக் கருப்பு அண்டாம இருக்கப் பக்கத்துல இரும்பு வைப்போம்லா, அதுகூட மாமன் வீட்டுல இருந்துதான் வரணும். கோமுவுக்கு அன்னைக்குப் பாக்குவெட்டி கொண்டாந்து வச்சது இவன்தான். எனக்கு இருக்கது ஒரு பிள்ளை. அவ உறவும் அத்துப் போச்சுன்னா நான் எங்க போவேன்? அதான், நீயே குடுத்துருடான்னு அவன் கைல குடுத்துட்டேன். குடுத்த பொறவுதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

இவன் மாதிரி ஒரு ஆளு அவளுக்குக் காவலுக்கு இருக்கும்போது எனக்கு என்ன பயம், சொல்லுங்க? வாரத்துக்கு ரெண்டு வாட்டி அம்புட்டுத் தூரம் பைக்ல போயி ஆஸ்டல் வாசல்ல நிப்பான். பழம், பலகாரம்னு கொண்டு போவான். அவ போனை வாங்கி, யாரு யாருட்டப் பேசிருக்கான்னு பாப்பான். பாக்கணும்லா, காலம் கெட்டுக் கிடக்கு. ஆஸ்டல்ல கார்டியன்னு அவன் போட்டோதான் ஒட்டியிருக்கு, ஞாயித்துக்கிழமை வெளிய கூட்டிட்டுப் போகணும்னா அவன்தான் கையெழுத்துப் போடணும்.

கோமுதான் கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கா. இவன் போனா கீழ இறங்கி வர மாட்டேங்காளாம். காய்ச்சங்கா, பரிச்சைங்கா. இடுப்புக்குக் கீழ தொங்குன முடிய, மாமாவுக்கு அந்தச் சடைன்னா உசுரு, தோளோட வெட்டிப் போட்டுட்டா. லீவு விட்டா வீட்டுக்கு வர மாட்டேங்கா. தீவாளிக்கு நான் அழுது கூப்பிட்டதுல வந்தா. வந்தவ, மாமா கூட பைக்ல வராம, சொல்லாமக் கொள்ளாம பஸ்ஸுல தனியா வந்து இறங்குதா. எனக்கு வந்துச்சே கோவம்! வயசுப் பிள்ளை இப்படியாட்டி வருவன்னு வஞ்சேன். ராத்திரி என் பக்கத்துலதான் படுத்தா. ரூம் கதவுக்குத் தாப்பா போட்டுட்டு, எந்திரிச்சு எந்திரிச்சுத் தாப்பாளத் தொட்டுத் தொட்டுப் பாக்கா. என் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டுத் தூங்குதா, கைக்குழந்தை மாதிரி. பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்குன்னு கோமதியம்மன் கோவில் புத்து மண்ணக் கொண்டாந்து பூசி விட்டேன். பரமுதான் போயி எடுத்துட்டு வந்தான்.

ஆஸ்டலுக்குத் திரும்புத அன்னைக்கு, நான் தச்சுக்கிட்டு இருக்கேன், மிஷினுக்கு அந்தப் பக்கமா வந்து நின்னு, "அம்மா, மாமா வந்து..."ன்னா. மிஷின் ஓடுதுல்லா, நான் நிப்பாட்டல. "மாமா வெளிய போயிருக்கான், வந்ததும் கொண்டு விடுவான்"னேன். தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல பாத்தா பையத் தூக்கிட்டு அவளாவே பஸ்ஸுக்குப் போயிட்டா.

என்ன யக்கா கேட்டீய? செடி அறுக்கக் கத்தி கேட்ட பிள்ளை, மாமாட்டச் சொல்லாதன்னு ஏன் சொன்னாளா?

அதான் சொன்னேம்லா. கோவக்காரன்னு.

இல்ல, அவ மேல எல்லாம் கோவப்பட மாட்டான். அவ மேல உசுரால்லா இருக்கான்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கீய? சும்மாதான் கேட்டீயளா? சரி.

இன்னைக்கு ஆஸ்டலுக்குப் போகக்கூட அவன்தான் கூப்பிட்டான். "அக்கா, நீயும் வா. நான் தனியாப் போனா வர மாட்டேங்கா, நீ வந்து கூப்பிட்டா இறங்கி வருவா"ன்னான். பைக்க விட்டுட்டு எனக்காக பஸ்ஸுல வாரான். "நீ வார்டன்ட்டப் பேசிக்கிட்டு இரு. நான் அவள வெளிய கூட்டிட்டுப் போயி, கத்திய எப்படித் தொறக்கணும்னு சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாரேன்"னு சொல்லிருக்கான். நான் பேரம் பேசி வாங்குன கத்தி, எனக்கே தெரியும் தொறக்க. அதுல சொல்லிக் குடுக்க என்ன இருக்குன்னு எனக்கும் தோணுச்சு. ஆம்பளையாளுவ, எதையாவது பெருசா நினைச்சுக்கிடுவாவ.

இப்பம் எந்த ஊரு? மானூரா? அப்பம் பாளையங்கோட்டைக்குப் பக்கத்துல வந்தாச்சு.

இருங்க, போன் அடிக்குது. தெரியாத நம்பரு. கோமுவாத்தான் இருக்கும்.

யம்மா, சொல்லு. ஆமாட்டி, பஸ்ஸுலதான் இருக்கேன், மானூர் தாண்டியாச்சு. சாப்பிட்டியா? ஆமா, வாங்கியாச்சு. நீ சொன்ன மாதிரியேதான். ஒத்தக் கையால தொறக்கும். எங்கிட்ட இல்லட்டி, மாமாட்ட இருக்கு. மாமாவும் கூட வாரான். முன்னால உக்காந்திருக்கான். நான் எங்க சொன்னேன், அவனாத்தான் கேட்டான்... கோமு? ஏட்டி? சத்தமே இல்ல. கோமு, கேக்குதா?

என்னட்டி?

...

வச்சுட்டா யக்கா.

என்ன சொன்னாளா? "நான் உன்ட்டதானம்மா கேட்டேன்"ன்னா.

அம்புட்டுத்தான் சொன்னா. கோவமாச் சொல்லல. அழுதாளான்னா, அழவும் இல்ல. அழுதிருந்தாக்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லிருப்பேன். எல்லாம் முடிஞ்சு போன மாதிரி ஒரு குரலு யக்கா. எங்க வீட்டுக்காரவுகளத் தூக்கிட்டுப் போறப்பம்கூட அவ அப்படிப் பேசல.

கொஞ்சம் அந்த ஜன்னலத் தூக்குங்க.

அவ செடியச் சொல்லல. என்ன யக்கா? ஒத்தக் கைன்னு அவ சொன்னப்பம், இன்னொரு கை செடியப் பிடிச்சிருக்காது. அத வேற யாரோ பிடிச்சிருப்பாவ.

இல்ல. இல்ல, இருக்காது. எங்கம்மா வயித்துல பொறந்தவன். என் இடுப்புல வளந்தவன். நீங்க ஒண்ணும் சொல்லல, சரி, நான்தான் சொல்லுதேன். இருக்காது. ஆனா அந்தக் கத்தி அவன்ட்ட இருக்கக் கூடாது யக்கா.

உங்க பைல கொய்யாப்பழம் இருக்குல்லா. ஒண்ணு தாங்க. கேக்காதீய, தாங்க.

ஏலே பரமு! பரமு! இங்க வா. ஒண்ணுமில்லலே, இந்த அக்காவுக்குத் தலையச் சுத்துதாம், காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம். அந்தக் கத்தியக் குடு, ஒரு பழம் அறுத்துக் குடுக்கேன். அட, குடுலே, அறுத்துட்டுத் தாரேன். நானே அறுக்கேன்னு சொல்லுதேம்லா.

சரி, சரி. நீயே அறு.

போதும். சின்னதா அறுத்தது போதும்லே. போன்ல யாருன்னா கேக்க? போன்ல யாரும் இல்ல. ஜவுளிக்கடைக்காரன், தச்ச துணி எப்பம் வரும்னு கேட்டான். ஆமா, அதான் பேசுனேன். நீ போயி உக்காரு, இடம் போயிரும்.

போயிட்டானா? திரும்பிப் பாக்கானா? நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் நிமிரல.

கத்தியத் தரல யக்கா. பாத்தீயளா? எங்கிட்டத் தரல. அவனே அறுத்தான், கால்சட்டைல தொடைச்சான், பைக்குள்ள போட்டுக்கிட்டான். என்னப் பாத்துச் சிரிச்சான். அந்தச் சிரிப்ப அவன் பொறந்ததுல இருந்து பாக்கேன். இன்னைக்குத்தான் எனக்கு அதப் பாத்துப் பயம் வருது.

நான் அவன்ட்டப் பொய் சொல்லிட்டேன் யக்கா. இது வரைக்கும் சொன்னதே இல்ல. அவன் போன் பேச்ச எடுத்ததும் என் வாயி தானா சொல்லிட்டு. கோமுவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும், காய்ச்சன்னு, பரிச்சைன்னு, சார்ஜ் இல்லன்னு.

நான் இறங்கி ஓடிரலாம்னா, அவனும் கூடவே இறங்குவான். இறங்காட்டி அவன் மட்டும் போவான், அவன் போட்டோதான் அங்க ஒட்டியிருக்கு. அவன எதுத்து நிக்கலாம்னா, எனக்கு என்ன தெரியும், எப்படி நிக்க? அவன் "அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கரைஞ்சுருவேன். என்னைய எனக்குத் தெரியும் யக்கா. ஆஸ்டல் வாசல்ல கொண்டு போயி நிறுத்தி, "கூப்பிடுக்கா"ன்னு சொன்னா நான் கூப்பிட்டுருவேன். எம்பிள்ளையும் என் குரல் கேட்டா இறங்கி வந்துரும்.

உங்க போனக் கொஞ்சம் தாங்க. என் போன்ல வேண்டாம், அத அவன் வாங்கிப் பாப்பான். ஆஸ்டல் வார்டன் நம்பர் இதுல இருக்கு, நான் சொல்லுதேன், நீங்களே அமுக்குங்க. அமுக்கிட்டீயளா? மணி அடிக்குதா? நீங்க இந்தப் பக்கமாக் கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க, என்ன மறைச்ச மாதிரி.

அலோ. மேடம், நான் கோமதியோட அம்மா பேசுதேன். ரெண்டாம் வருசம் பாட்டனி, கோமதி. ஆமா மேடம். ஆமா, சங்கரன்கோவில். சத்தமாப் பேச முடியாது மேடம், பஸ்ஸுல இருக்கேன், கொஞ்சம் கேட்டுக்கிடுங்க. எம்பிள்ளையக் கீழ விடாதீங்க. அவ மாமா வந்தா விடாதீங்க. ஆமா, அவன் போட்டோதான் இருக்கு, தெரியும் மேடம், கையெழுத்துப் போட்டாலும் விடாதீங்க. போலீசக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. அவள உங்க ரூம்லயே உக்கார வச்சுக் கதவப் பூட்டிக்கிடுங்க.

இன்னும் ஒண்ணு மேடம். நானும் வருவேன். இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் கூட வந்து உங்க முன்னால நிப்பேன். எம்மகள அனுப்புங்கன்னு கேப்பேன். அழுதாலும் அழுவேன். நானே கேட்டாலும் அனுப்பாதீங்க மேடம்.